நிரவிக்குப் போன சீமைப்பலா

முதலியார்பேட்டை, புதுச்சேரி
24.6.2018

அன்புள்ள பாவாடைக்கு,

காது ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம். உனக்கும் அதே நிலைமைதான் என்று தெரியும்.

முந்தாநாள் நீ போன் போட்டாய், மகள் பூவிழி எடுத்துக் கொடுத்தாள். நீ அங்கே கத்தினாய், நான் இங்கே கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை. இத்தனை வருஷம் மில்லில் தறிச் சத்தத்தில் நின்ற நாம் இரண்டு பேரும் இனிமேல் போன் பேசி ஊரைச் சிரிக்க வைக்க வேண்டாம். கடிதமே போடு. அவளுக்கும் தொண்டை மிஞ்சும்.

நீ கேட்ட சீமைப்பலாக் கன்றைக் காரைக்கால் பஸ்ஸில் கண்டக்டர் கமலக்கண்ணன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உனக்கே தெரியும், இந்த மரத்துக் காயில் கொட்டை கிடையாது. விதை போட்டு வளர்க்க வழியில்லை. மேலாக ஓடுகிற வேரைக் கத்தியால் கீறிவிட்டுக் காத்திருக்க வேண்டும். காயம் பட்ட இடத்தில்தான் துளிர் வரும். அது ஒரு முழம் வளர்ந்ததும் இரண்டு பக்கமும் வேரை வெட்டிக் கன்றாக எடுக்க வேண்டும். உனக்காக மூன்று வேரைக் கீறினேன், ஒன்றுதான் துளிர்த்தது. அடியில் தாய்வேர்த் துண்டு இருக்கிறது. அதைச் சாக்குத் துணியில் சுற்றிக் கட்டியிருக்கிறேன். அவிழ்க்காதே, காற்றுப் பட்டால் போய்விடும். கட்டோடு புதை.

மூன்றடிக் குழி எடு. மக்கிய சாணமும் சருகும் போடு. முதல் கோடைக்குத் தென்னங்கீற்று வைத்து நிழல் கட்டு. தண்ணீர் நிற்கக்கூடாது, காயவும் கூடாது. ஐந்தாறு வருஷத்தில் காய்த்துவிடும். உன் வீட்டுக்காரி, தங்கச்சி தையல்நாயகி இருந்திருந்தால் மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்து வைத்திருப்பாள். அந்தக் கொடுப்பினை இல்லை.

மகள் வீட்டில் சௌகரியமாக இரு.

உன்
பலராமன்

*

நிரவி, காரைக்கால்
15.7.2018

என் பிரியமுள்ள பலராமா,

கன்று வாடாமல் வந்து சேர்ந்தது. நீ சொன்னபடியே நட்டு, கீற்றும் கட்டிவிட்டேன். நட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தையல்நாயகி போன பிறகு எனக்கென்று ஒருத்தர் கொடுத்த பொருள் இதுதான். உன் கையால் வந்தது என்பதில் எனக்குள்ள சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

இங்கே ஒரு சங்கதி நடந்தது. நான் இருப்பது கொல்லையில் உள்ள ஓட்டுக் கொட்டாயில். மாப்பிள்ளை ராஜ்கமல் இரண்டு கார் வைத்து டிராவல்ஸ் நடத்துகிறார். கன்று வைத்த அன்றைக்கே வந்து நின்றார். "மாமா, இந்தக் கொட்டாய எடுத்துட்டு கொல்லை பூரா சிமெண்ட் போடலாம்னு இருக்கேன். ரெண்டு வண்டி நிக்கும். நாகூர் ரோட்டுல வயசானவங்களுக்கு ஒரு இல்லம் இருக்கு, நல்லா பாத்துக்கறாங்களாம்" என்றார்.

என் மகள் கார்குழலிதான் குறுக்கே விழுந்தாள். "காய்க்கிற மரத்தையாவது பாருங்க. வச்ச அன்னிக்கே புடுங்குவாங்களா?" என்றாள். கடைசியில் மாப்பிள்ளை இறங்கி வந்தார். "ஆறு வருஷம் பாப்போம். ஜனங்க வாங்குற மாதிரி நல்ல காயா காய்ச்சா மரமும் இருக்கட்டும், கொட்டாயும் இருக்கட்டும், நீங்களும் இருங்க. இல்லன்னா எல்லாத்தையும் எடுத்துடுவேன். அப்ப அழக்கூடாது" என்றார். பேத்தி கவிநிலா அதைச் சுவரில் சாக்பீஸால் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள்.

ஆகவே நான் இந்த வீட்டில் இருப்பது உன் மரத்தின் தயவில். வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பூவிழியைக் கேட்டதாகச் சொல். அவளை மாதிரி மீன்குழம்பு வைக்க இங்கே ஆள் இல்லை.

உன்
பாவாடை

*

முதலியார்பேட்டை
9.2.2020

அன்புள்ள பாவாடைக்கு,

இலை மஞ்சளாகிறது, கொட்டுகிறது என்று மூன்று பக்கம் புலம்பி எழுதியிருந்தாய். பெண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நீ இப்படித் தவித்ததில்லை. பனிக்காலத்தில் கொட்டுவது அதன் வழக்கம். அடிக்குச் சருகு போட்டு மூடு. கடல் காற்றில் கிளை முறியும், சவுக்குக் கழி நட்டு முட்டுக் கொடு. மேலாக வேர் ஓடுகிறது, மண்வெட்டி போடாதே.

உன் ஜாகையே அந்த மரத்தை நம்பித்தான் இருக்கிறது என்று எழுதினாயே, அதை நான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். மனம் தளராமல் தண்ணீர் ஊற்று.

இங்கே வருகிற மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் போகப் பூவிழி கூப்பிட்டாள். கூட்டத்தில் யார் இடிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரிவதில்லை, வரவில்லை என்றுவிட்டேன். ஜவுளிக்கடையில் அவளைச் சேலைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஊரில் உள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை எடுத்துப் போடுகிறாள். அவளுக்கே நாற்பத்தைந்து வயது முடிந்துவிட்டது. "சித்தப்பா எப்ப வர்றாரு? வீராம்பட்டினத்துக்காரங்க கிட்ட சொல்லி வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்" என்கிறாள். மழை முடியட்டும், வெயில் முடியட்டும் என்று நான்தான் தள்ளிப் போடுகிறேன். உன் முட்டிக்கு நாலு மணி நேர பஸ் ஆகாது.

உன்
பலராமன்

*

நிரவி
3.9.2021

என் பிரியமுள்ள பலராமா,

கொரோனா இரண்டு தடவை ஊரை வழித்துக்கொண்டு போனது. நாம் இரண்டு பேரும் மிஞ்சியிருக்கிறோம்.

மரம் இரண்டு ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. போன மாதம் தோட்டக்கலையில் வேலை பார்க்கும் இனியவன் என்ற ஆபீசர் பக்கத்து வீட்டுக்கு வந்தார். மரத்தைச் சுற்றி வந்து, ஓர் இலையைப் பிடித்துப் பார்த்தார். "சீமைப்பலான்னா இலை இன்னும் ஆழமா பிளந்திருக்கணுமே தாத்தா. இது கொட்டைப்பலா மாதிரி தெரியுது. கன்னு கொடுத்தவரு மரத்துல இருந்து ஒரு இலை கிடைக்குமா? ஒப்பிட்டுப் பாத்துடலாம்" என்று கத்திச் சொன்னார். கவிநிலா அதைத் தாளில் எழுதியும் காட்டினாள். இரண்டும் பார்க்க ஒரே ஜாதியாம். ஆனால் கொட்டைப்பலாக் காய் முழுக்க முள்ளும் கொட்டையுமாக இருக்குமாம், இந்தப் பக்கம் சந்தையில் தொட்டுப் பார்க்க மாட்டார்களாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் மரத்து இலை ஒன்றைக் கவரில் வைத்து அனுப்பு. முடிந்தால் இன்னொரு வேரைக் கீறி இன்னொரு கன்றும் எடுத்துக் கொடு. மாப்பிள்ளையின் கை காலைப் பிடித்தாவது தவணையை இரண்டு வருஷம் நீட்டி வாங்கிக்கொள்வேன். இப்போது நட்டால் நேரம் இருக்கிறது. தப்பு எங்கேயாவது நடந்திருந்தால் இப்போதே சொல்லிவிடு பலராமா. உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. இதை நான் சத்தியமாக எழுதுகிறேன்.

உன்
பாவாடை

*

முதலியார்பேட்டை
21.11.2021

அன்புள்ள பாவாடைக்கு,

ஆபீசர்கள் புத்தகத்தில் மரம் பார்த்தவர்கள். இளமரத்து இலைக்குப் பிளவு குறைவாகத்தான் இருக்கும், வயசானால் தானே ஆழமாகும். உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் இருபது வயதில் இப்படியா இருந்தது?

இலை அனுப்பினால் தபாலில் காய்ந்து பொடியாகிவிடும். அதைப் பார்த்து அவருக்கு என்ன தெரியப்போகிறது? வேரைக் கீறுகிற பேச்சே வேண்டாம். என் மரத்துக்கும் வயதாகிவிட்டது, இன்னொரு காயம் தாங்காது. உன்னிடம் இருப்பது ராஜா மாதிரிக் கன்று. மாப்பிள்ளையிடம் தவணை கேட்டுச் சிறுமைப்படாதே. கேட்டால் உனக்கே மரத்தின்மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும்.

முதலில் விரல் மாதிரி நீளமாகப் பூ வரும். அது ஆண்பூ, உதிர்ந்துவிடும், பதறாதே. அப்புறம் உருண்டையாக வருவதுதான் காய். நான் சொல்வதை நம்பு.

உன்
பலராமன்

*

நிரவி
2.6.2024

என் பிரியமுள்ள பலராமா,

மரம் காய்த்துவிட்டது. பதினொரு காய். பச்சைப் பசேல் என்று உடம்பு முழுக்க முள்.

நேற்று முதல் காயை மாப்பிள்ளையே அறுத்தார். உன் வீட்டுக் காயை அறுத்தால் வெண்ணெய் மாதிரி சதை இருக்குமே, இதில் சதையே இல்லை. பொலபொலவென்று கொட்டைகள் கொட்டின. கவிநிலா எண்ணினாள், ஐம்பத்திரண்டு. மாப்பிள்ளை சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "மாமா, ஆறு வருஷமா இதுக்கா தண்ணி ஊத்துனீங்க?" என்று கேட்டு, போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். கார்குழலி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு மறு ஞாயிறு மரம் வெட்ட ஆள் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே இல்லத்திலிருந்து வண்டி வரும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை பேருக்கு நாலு வரி எழுது. முதல் காய்ப்பில் கொட்டை வரும், அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. உன் மரம் என்பதால் உன் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. ஒரு வருஷம் கிடைத்தால் போதும். அதற்குள் கார்குழலி மனசு மாறும், இல்லையென்றால் நானே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

நான் யாரிடமும் இப்படிக் கேட்டவன் இல்லை. உன்னிடம் கேட்கிறேன்.

உன்
பாவாடை

*

முதலியார்பேட்டை
10.6.2024

பாவாடைக்கு,

எழுத மாட்டேன்.

அது கொட்டைப்பலாதான். வில்லியனூர் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கினேன். என் மரத்து வேரை நான் கீறவே இல்லை. ஆறு வருஷம் நீ எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு படித்தேன். அதைப்போல ருசியான சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

ஏன் என்று கேட்பாய். 1997, ஆகஸ்ட், மில்லில் இரண்டாவது ஷிப்ட். மூன்று பீஸ் துணி காணோம் என்று மாஸ்டர் உன்னைக் கண்ணாடி ரூமுக்குள் கூப்பிட்டார். நான் பதினேழாம் நம்பர் தறியில் நின்றேன். தறி ஓடும்போது அந்தக் கூடத்தில் யாருக்கு யார் குரல் கேட்டது? உதட்டைப் பார்த்துத்தானே அத்தனை பேரும் பேசினோம்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் உதடு என் பேரைச் சொன்னது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மாஸ்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நீ பார்க்கவில்லை.

திருடன் என்று என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். மூன்றே மாதத்தில் நீ மேஸ்திரி ஆனாய். தள்ளிய அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்து என் தோளைத் தொட்டு அழுதாய், என் மகள் கையால் சோறும் தின்றாய்.

நான் அப்போதே உன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். லேபர் கோர்ட்டில் எனக்காகச் சாட்சி சொல்ல உன்னை விட்டால் ஆளில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஒன்பது வருஷம் இழுத்துக் கேஸ் தோற்றது. அதற்குள் வாய் மூடியே பழகிவிட்டது.

பூவிழிக்கு நிச்சயம் ஆகியிருந்ததே அரியாங்குப்பத்து மாப்பிள்ளை, அவர்கள் வீட்டில் வந்து திருடன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று தாம்பூலத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அவள் ஜாதகத்தில் தோஷம், கட்டினால் கட்டினவன் தங்க மாட்டான் என்று ஜோசியர் சொன்னதாகச் சொன்னேன். உனக்கும் அதையே சொன்னேன். பிறகு வந்த இரண்டு இடத்தையும் அவளே வேண்டாம் என்றாள். "எதுக்குப்பா இன்னொருத்தர் உசுரு" என்றாள். இன்றுவரை அதையே நம்பிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதை அப்படியே விட்டுவிடு. இந்த வயதில் அவளுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, எனக்கும் அவளை விட்டால் இல்லை.

நீ இல்லத்துக்குப் போ. ஒரு வீட்டை விட்டு வெளியே தள்ளப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்.

பலராமன்

*

நாகூர் ரோடு, முதியோர் இல்லம்
1.7.2024

பலராமனுக்கு,

வெட்டிவிட்டார்கள். அரை நாள் வேலை. நான் வண்டியில் ஏறும்போது சிமெண்ட் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு கூடத்தில் பன்னிரண்டு கட்டில். என்னுடையது கக்கூஸ் பக்கம்.

எனக்கு உன் கடிதத்தில் பாதி பழைய செய்தி. 2021-ல் அந்த ஆபீசர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் நான் மரத்தடியைத் தோண்டிப் பார்த்தேன். சாக்கு மக்கிப் போயிருந்தது. உள்ளே கட்டியிருந்த நைலான் நூல் மக்கவில்லை. செத்த வேர்த் துண்டு ஒன்றைக் கன்றோடு சேர்த்து வைத்துக் கட்டியிருந்தாய். அறுந்த இழைக்குப் போடுகிற தறி முடிச்சு, இடது கைக்காரன் போட்டது. நம் ஷெட்டில் இடது கைக்காரன் நீ ஒருவன்தான். நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நினைக்கக்கூட நீ எனக்கு இடம் வைக்கவில்லை. உனக்கு எல்லாம் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் இலை கேட்டேன், கன்று கேட்டேன். கடைசியாகப் பொய்க் கடிதமும் கேட்டேன். நீயாக வாயைத் திறந்து திட்டுவாய், திட்டி முடித்து ஒரு கன்று கொடுப்பாய் என்று பார்த்தேன். நடுவில் மூன்று வருஷம், என்ன மரம் என்று தெரிந்தே தண்ணீர் ஊற்றினேன். நான் செய்ததற்கு இது தகும் என்றுதான் ஊற்றினேன்.

நீ முழுசாகத் தெரிந்துகொள். அந்த மூன்று பீஸையும் எடுத்தது நான். தையல்நாயகியின் தம்பி வெளியே விற்றான். மாஸ்டர் என்னைத்தான் சந்தேகப்பட்டார். யார் பேரையாவது சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடி வழியாக முதலில் தெரிந்த ஆள் நீ. வேறு காரணம் எதுவும் இல்லை. உன்மேல் எனக்கு அப்போதும் பிரியம்தான்.

இது என் பாவம். இதற்கு நீ கொடுத்ததை வாங்கிக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறேன். ஆனால் பூவிழியிடம் ஜாதகம் என்று சொன்னது நான் இல்லை. உன் கடிதத்தில் எனக்குப் புதிதாக இருந்தது அது ஒன்றுதான். அவள் கல்யாணத்தை முறித்தது நான். அதற்குப் பிறகு வந்த இரண்டையும் முறித்தது நீ. இருபத்தேழு வருஷம் அவளை அவளுக்கே பயப்பட வைத்து, உனக்குச் சமைத்துப்போட வைத்துக்கொண்டாய்.

ஜவுளிக்கடை விலாசத்துக்கு அவள் பேரில் ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்கிறேன். நான் செய்ததை நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அதோடு உன்னுடைய போன கடிதத்தையும் வைத்துவிட்டேன், உன் கையெழுத்திலேயே படிக்கட்டும். இந்தக் கடிதத்தோடு ஒரே நாளில் சேரும் என்று தபால்காரர் சொன்னார்.

பாவாடை

*

முதலியார்பேட்டை
25.7.2024

அன்புள்ள பாவாடைக்கு,

பூவிழி வீட்டை விட்டுப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. அன்றைக்குக் கடையிலிருந்து சீக்கிரம் வந்தாள். சத்தம் போடவில்லை. அடுப்படியைக் கழுவிவிட்டாள், நாலு புடவையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று ஏதோ சொன்னாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னதால் எனக்குத் தெரியவில்லை. கடையிலும் இப்போது அவள் இல்லையாம்.

போன் போட்டால் எடுக்கிறாள். தினமும் எடுக்கிறாள். எதிர்வீட்டு ரோஷன் பீவியிடம் கொடுத்துக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். வேறு ஆள் குரல் வந்ததும் வைத்துவிடுகிறாள். நான் பேசினால் வைப்பதில்லை. நான் "அம்மா, பூவிழி" என்கிறேன், அவள் பதில் பேசுகிறாள். நேற்று ஏழு நிமிஷம் ஓடியிருக்கிறது என்று ரோஷன் பீவி போனைப் பார்த்துச் சொன்னாள். காதில் வண்டு பறக்கிற மாதிரி இரைச்சல்தான் எனக்கு வருகிறது. நல்லது சொல்கிறாளா, திட்டுகிறாளா, வரட்டுமா என்று கேட்கிறாளா, ஒன்றும் தெரியாமல் நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருந்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? உனக்கு அவள் கடிதம் போடுவாள் என்று எனக்குத் தோன்றுகிறது. போட்டால், தினமும் என்னிடம் போனில் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எனக்கு ஒரு வரி எழுது.

இதோடு மூன்றாவது கடிதம். முன்னே போட்ட இரண்டும் உனக்குக் கிடைத்ததா?

உன்
பலராமன்